கணவாய் எழும்பும் ஒழுங்கு

மச்சாள்,

இன்று காலை நூலகத்துப் பெரிய கணினியைத் திறந்து, உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரியை மாற்றினேன். மூடியைக் கழற்றியதும் அந்த மணம் வந்தது. உப்புப் பூத்த தகரமும் சூடேறிய தூசியும் கலந்த மணம். கடற்கரை ஊரில் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் வருகிற மணந்தான். எனக்கு அது உங்கள் நூலகத்தின் மணம். மேசைக்கு அடியில் குந்தியிருந்தபடியே கொஞ்ச நேரம் பழைய பற்றரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது நூலகர் குனிந்து பார்த்தாள்.

"என்ன ரீச்சர், பழுதோ?"

"இன்னும் பழுதாகேல்லை. பழுதாக முதல் மாத்துறன்."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இவ்வளவு சிறிய சாமானுக்காக ஒரு ஆள் ஏன் பாடசாலை விட்ட கையோடு வியர்க்க வியர்க்க வந்து மேசைக்கடியில் புக வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். ஒருநாள் இருத்திச் சொல்ல வேண்டும். அதற்கு முன் உங்களோடு ஒருமுறை கதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு பாலம் கடந்து இந்தத் தீவுக்கு வந்தீர்கள். நம்மிருவருக்கும் ஒரே வயது. திருக்கேதீஸ்வரத்துப் பக்கம், வயலும் குளமுமாக வளர்ந்தவர் நீங்கள். மழை எப்போது வரும், வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். காற்றைத்தான் தெரியாது. முதல் வருடம் வடக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கியபோது, அண்ணன் கடலில் நிற்கும் நேரமெல்லாம் நீங்கள் வீட்டுக்குள் இருக்கவில்லை. முற்றத்தில் நின்று பனையோலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா உங்களை உள்ளே கூப்பிட்டு, "பழகிப்போயிடும் பிள்ளை" என்றா. அடுத்த வருடமும் நீங்கள் அதே இடத்தில் நிற்க, அம்மாவே வந்து பக்கத்தில் நின்றா. அப்போது நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"பழகேல்லை மாமி. ஆனா வாடை எது, சோளகம் எது எண்டு இப்ப வடிவா விளங்குது."

உங்களை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். பயத்தை மறைக்கவும் இல்லை, அதற்குள்ளேயே இருந்துவிடவும் இல்லை. அண்ணன் மனைவி என்ற முறையை விட்டு, நாம் சிநேகிதிகளானோம். நான் உங்களை மச்சாள் என்றேன், நீங்களும் என்னை மச்சாள் என்றீர்கள். நான் நீங்கள் என்று கதைக்க, நீங்கள் என்னை நீர் என்றீர்கள். கடைசி வரைக்கும் அது மாறவில்லை.

நீங்கள் எங்கள் ஊர் நூலகத்துக்குப் பொறுப்பாக வந்தபோது நான் பாடசாலையில் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு திட்டத்தில் நூலகத்துக்குச் சில பழைய கணினிகள் கிடைத்தன. பிள்ளைகள் பின்னேரங்களில் வந்து குவிந்தார்கள். இணைய இணைப்போ நூல் மாதிரி மெல்லியது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தைத் திறந்தால் எல்லாத் திரையும் வெள்ளையாகவே நிற்கும். நீங்கள் இரண்டு கிழமை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டீர்கள்:

"ஒரே பாடத்தை இவ்வளவு பிள்ளையளும் தனித்தனியவோ இறக்குதுகள்? நான் ஒரு புத்தகத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொழும்பில இருந்து புதுசாவோ எடுப்பிக்கிறனான்?"

அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றேன். நடுவில் ஒரு கணினியை வைக்கலாம். முதல் பிள்ளை கேட்கும்போது அது வெளியே போய்ப் பாடத்தை எடுத்து வரும். வரும்போதே ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த பிள்ளைக்கு அந்தப் பிரதியைக் கொடுக்கும். அதைப் புரொக்சி என்பார்கள். பூட்டுப்போட்ட தளங்களை அது சேர்த்து வைக்காது. நல்லகாலமாக நமக்கு வேண்டிய பாடத் தளமும், பிறகு பார்த்த வானிலைப் பக்கமும் பூட்டில்லாமல் பழைய பாணியில் இருந்தன. இந்த வேலைக்கு நான் எடுத்த மென்பொருளின் ஆங்கிலப் பெயருக்குத் தமிழில் கணவாய், கடலில் பிடிக்கிற அதே கணவாய், என்று அர்த்தம். நான் அதைச் சொன்னதும் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். சாப்பாட்டு மேசையில் அண்ணனிடம் சொல்ல, அவருக்குப் புரைக்கேறிவிட்டது.

"கணவாயோ? நான் கடல் முழுக்கத் தேடித் திரியிறன், நீங்கள் ரெண்டு பேரும் லைபிரறிக்குள்ள வைச்சு வளர்க்கிறியளோ?"

அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் அதைப் புரொக்சி என்று சொன்னதில்லை. "ரீச்சர், கணவாய் எழும்பிட்டுதோ?" என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள்.

பிறகு நாடு முழுக்கக் கரண்ட் வெட்டும் எரிபொருள் வரிசையுமாக இருந்த காலம் வந்தது. நூலகத்து யன்னலால் பார்த்தால் தெற்குக் கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். உள்ளே விசிறி நின்றுவிடும். "இத்தனை காத்தாடி சுத்துது, எங்கட தலைக்கு மேல ஒண்டு சுத்துதில்லை" என்பீர்கள். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். கைபேசிகளில் சார்ஜும் இராது. அந்த நாட்களில்தான் நூலகத்து வெளிச்சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினீர்கள். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, வானிலைப் பக்கத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அலை எப்படி என்று பார்த்து, வெள்ளைக்கட்டியால் எழுதுவீர்கள். முதலில் அண்ணனுக்காக எழுதினீர்கள். பிறகு கரையில் இருந்தவர்கள் எல்லோரும் சைக்கிளை மெதுவாக்கி அதை வாசித்துவிட்டுப் போனார்கள்.

கரண்ட் வந்தாலும் கணவாய் தானாக எழும்பாது. நான் வந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். நீங்களும் அதைப் பழகிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் சபை அலுவலகத்துக்கு, அந்தக் கந்தோருக்கு, கூட்டத்துக்குப் போன நாட்களில் பிள்ளைகள் வெள்ளைத் திரையின் முன்னால் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருநாள் நீங்கள், "இது ஆரும் தொடாமல் தன்ரபாட்டில எழும்ப ஒரு வழி செய்யும் மச்சாள்" என்றீர்கள்.

கணினி விழித்ததும் தானாக ஓடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். நாம் கையால் கொடுக்கும் கட்டளைகள்தான், வரிசையாக. அது இலகு என்று நினைத்தேன், ஆனால் முதல் நாளே விழுந்தது. பிரதிகளைச் சேர்த்து வைக்கும் வெளி வன்தட்டு மெல்ல மெல்லச் சுழன்று தயாராவதற்குள் கணவாய் எழும்பி, தன் சாமான்களைக் காணவில்லை என்று திரும்பப் படுத்துவிட்டது. தட்டு வரும்வரை காத்திரு என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த கரண்ட் வெட்டில் வேறொன்று. கணவாய் ஓடும்போது, தான் ஓடுவதற்கு அடையாளமாக ஒரு சிறு கோப்பில், கணினி தனக்குக் கொடுத்த இலக்கத்தை எழுதி வைக்கும். ஒழுங்காக நிறுத்தினால் அதை அழித்துவிட்டுப் போகும். கரண்ட் திடீரென்று போனால் அது அப்படியே கிடக்கும். திரும்ப எழுப்பினால், "நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழும்ப மறுக்கும். செத்துக் கிடந்துகொண்டு அப்படிச் சொல்லும். நான் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் சொன்னீர்கள்: "கந்தோரிலயும் ஒராள் இருக்கிறார், இதே மாதிரி."

அந்த இலக்கத்தில் உண்மையிலேயே ஏதாவது ஓடுகிறதா என்று பார், இல்லையென்றால் கோப்பை அழித்துவிட்டு எழும்பு என்று எழுதினேன். அதன் பிறகு அது ஓடியது. கரண்ட் போய் வந்தது, கணவாய் தானே எழும்பியது. நீங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தோடம்பழ இனிப்பு வாங்கிக் கொடுத்தீர்கள்.

பிறகு அந்த வியாழக்கிழமை.

தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் பெயர்ந்து வாடை பிடிப்பதற்கு முந்தைய காலம். காற்று நின்ற இடத்தில் நிற்காது. அதற்கு முதல் நாள் நீண்ட நேரம் கரண்ட் இல்லை. வியாழன் காலையில் வந்தது. ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்தது. நீங்கள் வந்து காற்றுப் பக்கத்தைத் திறந்து, பலகையில் எழுதினீர்கள்: காற்று மெது, அலை குறைவு. கரையில் இருந்தவர்கள் நாட்கணக்காக வரிசையில் நின்று அப்போதுதான் மண்ணெண்ணெய் எடுத்திருந்தார்கள். அதை வாசித்துவிட்டு எல்லோரும் பின்னேரக் கடலுக்கு வலை ஏற்றப் போனார்கள்.

பாடசாலை விட்டு நான் நூலகத்துக்குள் வந்தபோது நீங்கள் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

"மச்சாள், இண்டைக்கு என்ன கிழமை?"

"வியாழன். ஏன்?"

"இதில செவ்வாய் எண்டு கிடக்கு."

நான் பெரிய கணினியின் மணிக்கூட்டைப் பார்த்தேன். அது உங்கள் மகள் பிறக்காத ஒரு வருடத்தைக் காட்டியது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் கணினியின் மணிக்கூட்டை ஓட வைப்பது அந்தப் பொத்தான் பற்றரி. அது செத்துவிட்டது. கணினி விழித்தபோது காலம் பல வருடம் பின்னால் போயிருந்தது. ஒவ்வொரு பிரதியையும் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று கணவாய் பார்ப்பது அந்த மணிக்கூட்டைத்தான். அதன் கணக்கில் செவ்வாய்க்கிழமைப் பக்கம் இன்னும் வரவே இல்லை, பிறகு எப்படிப் பழசாகும்? வெளியே கேட்காமல், கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டது.

நான் இதையெல்லாம் சொல்லத் தொடங்க, நீங்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டீர்கள். வெளியே போய் உள்ளங்கையால் பலகையை அழித்தீர்கள். வெள்ளைக்கட்டித் தூள் படிந்த கையோடு சைக்கிளை எடுத்தீர்கள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மணல் ஒழுங்கை வந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தோம். நீங்கள் நடந்த வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது.

வள்ளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் கண்ணாடி போல் கிடந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம். இந்தக் கடலைக் காட்டி யாரிடம் போக வேண்டாம் என்று சொல்வது? நீங்கள் நேரே மீனவர் சங்கத் தலைவரிடம் போனீர்கள். அண்ணன் வள்ளத்துக்குள் நின்றபடி நம்மைப் பார்த்தார்.

"நான் பலகையில எழுதினது பிழை," என்றீர்கள். குரல் எல்லோருக்கும் கேட்டது. "அது செவ்வாய்க்கிழமைக் காத்து. மிஷின் பழசைக் காட்டிப்போட்டுது. நானும் கிழமையைப் பாக்காமல் எழுதிப்போட்டன்."

"அப்ப இண்டைக்கு என்ன காத்து?"

"தெரியாது. இணைப்பும் இப்ப இல்லை."

தலைவர் கடலைக் காட்டினார். "வடிவாத்தானே கிடக்கு பிள்ளை. எண்ணெயும் எடுத்தாச்சு. தெரியாதெண்டு சொல்லி எங்களை மறிக்கிறீரோ?"

"நான் மறிக்கேல்லை. கடலைப் பாத்துப் போறதெண்டால் போங்கோ, அது உங்கட அறிவு. நான் எழுதினதைப் பாத்துப் போறதெண்டால் போகாதையுங்கோ."

யாரோ சிரித்தார்கள். ஒருவர், "காலமை ஒரு கதை, பின்னேரம் ஒரு கதை" என்றார். நீங்கள் போகவில்லை. கடலைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வள்ளத்தில் இருந்து இறங்கினார். "நான் போகேல்லை" என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி சொல் கேட்டு இறங்கினார் என்று பிறகு கேலி செய்தார்கள், ஆனால் அன்றைக்கு அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார். பிறகு தலைவர் வலையை அவிழ்க்கச் சொன்னார்.

பொழுது சாய முன்னமே வடக்கில் இருந்து காற்று வந்தது. மழையும் சேர்ந்து வந்தது. சங்கத்து ஆட்கள் வலை வைக்கும் வாடியின் கூரைத் தகரம் ஒன்றைப் பிய்த்துக்கொண்டு போய் வேலிக்கப்பால் போட்டது. நீங்கள் வீட்டு வாசலில் நின்று அந்தக் காற்றைப் பார்த்தீர்கள். அண்ணன் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் நீங்கள் முற்றத்துக்கு இறங்கவில்லை.

ஊர் உங்களைப் புகழும் என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் தலைவர் நூலகத்துக்கு வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"நீர் வந்து சொன்னது பெரிய காரியம் தங்கச்சி. சனம் தப்பினது. ஆனா உந்தப் பலகையைக் கழட்டிவிடும். ஒருக்காப் பிழை காட்டினதை நம்பி இனி ஒருத்தரும் கடலுக்குப் போகேலாது."

நான் வாய் திறக்க முன்னமே நீங்கள், "ஓம், கழட்டுறன்" என்றீர்கள். "சரியாக்கிப்போட்டு உங்களைக் கூப்பிடுவன். வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ."

அவர் போன பிறகு, நான் காற்றுப் பக்கத்தை மட்டும் ஒருபோதும் சேர்த்து வைக்காதே என்று ஒரு விதி எழுதினால் போதும் என்றேன். ஒரு நிமிட வேலை. நீங்கள் கேட்டீர்கள், "அந்த விதி கிடக்கட்டும். மணிக்கூடு பிழையெண்டால் வேற என்னென்ன பிழைக்கும்?" நான் யோசித்தேன். சோதனைத் திகதி அறிவித்தல் பழசாக வரும். விண்ணப்ப முடிவுத் திகதி பழசாக வரும். எல்லாம் பிழைக்கும் என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்ப முதல் வரியில நேரத்தைக் கேளும். தட்டு, கோப்பு எல்லாம் பிறகு. நேரம் தெரியாமல் இது கண் முழிக்கக் கூடாது."

"நேரத்தைக் கேக்க வெளியில இணைப்பு வேணும் மச்சாள். இணைப்பு வரேல்லையெண்டால்?"

"காத்திருக்கட்டும்."

"பிள்ளையள் வந்து சும்மா இருக்குங்கள். சேத்து வைச்ச பாடத்தையாவது குடுக்கலாம்."

அது உங்களுக்கு இலகுவான முடிவில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் சும்மா இருப்பது உங்களுக்குப் பொறுக்காது. ஆனாலும் சொன்னீர்கள்: "பாடம் ஒருநாள் பிந்தினால் நாளைக்குப் படிக்கலாம். பிழையானதைக் காட்டுறதிலும் பாக்க ஒண்டும் காட்டாமல் இருக்கட்டும். ஆனா வெள்ளைத் திரை வேண்டாம். ஏன் இல்லையெண்டு எழுதிக் காட்டவேணும்."

அப்படித்தான் அது திரும்ப எழுதப்பட்டது. விழித்ததும் முதலில் வெளியே உள்ள நேரக் கணினியிடம் நேரம் கேட்கும். மறுமொழி வரும்வரை கணவாயை எழுப்பாது. அதுவரை எந்தத் திரையைத் திறந்தாலும் ஒரே ஒரு வரி தெரியும். அந்த வரியை நீங்கள்தான் சொன்னீர்கள்: "இன்றைய நிலை இன்னும் தெரியாது." நேரம் கிடைத்த பிறகு தட்டைப் பார்க்கும், அழியாமல் கிடக்கும் அடையாளக் கோப்பைப் பார்க்கும், கடைசியாகக் கணவாயை எழுப்பும். நாம் அதைப் பலமுறை நிறுத்தியும் எழுப்பியும் பார்த்தோம். புதுப் பற்றரியும் வாங்கிப் போட்டேன்.

சங்கத்து ஆட்களை நீங்கள் கூப்பிட்ட அன்று, நான் எல்லாவற்றையும் ஓடவிட்டு, அழகாகக் காட்டலாம் என்று இருந்தேன். தலைவரும் அண்ணனும் இன்னும் சிலரும் சுவரோரத்து நீள வாங்கில் வந்து இருந்தார்கள். நீங்கள் என்னிடம் திரும்பி, "அந்தப் பற்றரியைக் கழட்டும்" என்றீர்கள்.

"புதுசு மச்சாள். இப்பத்தானே போட்டனான்."

"ஓம். கழட்டும். இணைப்பு வயரையும் இழுத்துவிடும்."

நான் கழற்றினேன். நீங்கள் சுவருக்குப் போய், எல்லோரும் பார்க்க, மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினீர்கள். விசிறி நின்றது. இப்படி ஒரேயடியாக, பற்றரியும் இல்லாமல், இணைப்பும் இல்லாமல், நாம் சோதித்ததே இல்லை. உங்கள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. சுவிட்சை மேலே தள்ளினீர்கள்.

கணினி எழும்பியது. நீங்கள் காற்றுப் பக்கத்தைத் திறந்தீர்கள். இன்றைய நிலை இன்னும் தெரியாது.

நாங்கள் காத்திருந்தோம். ஒன்றும் மாறவில்லை. வாங்கில் இருந்த ஒருவர் இருமினார். "வேலை செய்யேல்லைப்போல" என்றார் இன்னொருவர்.

"வேலை செய்யுது," என்றீர்கள் நீங்கள். "அதுக்கு நேரம் தெரியாது. தெரியாதெண்டு சொல்லுது. நான் உங்களுக்குக் காட்டவேணும் எண்டு நினைச்சது இதைத்தான்."

பிறகு வயரைச் செருகச் சொன்னீர்கள். செருகினேன். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. தட்டு சுழலும் சத்தம் கேட்டது. திரை ஒருமுறை வெறுமையாகி, காற்றுப் பக்கம் வந்தது. மேலே அன்றைய கிழமை. நீங்கள் விரலை வைத்து அந்தக் கிழமையைக் காட்டினீர்கள், காற்றைக் காட்டவில்லை.

தலைவர் எழும்பி வந்து திரையை உற்றுப் பார்த்தார். அவர் அதிகம் கதைக்கிற மனுசன் இல்லை. "தெரியாதெண்டு சொல்லத் தெரிஞ்ச மிஷினெண்டால் வைச்சிருக்கலாம்" என்றார். பலகையை அண்ணன்தான் திரும்ப மாட்டினார். ஆணி அடிக்கும்போது என்னைப் பார்த்து, "கணவாயைவிட உன்ர மச்சாளுக்குத்தான் நெஞ்சழுத்தம்" என்றார். பெருமை தாங்க முடியாமல்தான் சொன்னார்.

அந்த ஸ்கிரிப்ட் பிறகு முசலிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கும் போனது. நாமிருவரும் பஸ்ஸில் போய் அதைப் போட்டுக் கொடுத்தோம். அங்கே இருந்த ஆசிரியர் கணவாய் எப்படி எழும்பும் என்று என்னிடம் கேட்க, நீங்கள் முந்திக்கொண்டு, "முதல் நேரம்" என்று தொடங்கினீர்கள். வரி வரியாக நீங்களே சொன்னீர்கள். நான் யன்னலோரம் இருந்து பிளேன்டீ குடித்தேன்.

நீங்கள் போய் ஒரு வருடமாகப்போகிறது. இருதயம் என்றார்கள். காலையில் மகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, நூலகத்துக்கு வெளிக்கிட்டு, வாசலில் இருந்தவர் எழும்பவில்லை. உங்கள் ஊராட்கள் பாலம் கடந்து வந்தார்கள், எங்கள் தேவாலயப் பங்குச் சனமும் வந்தது. உங்கள் விருப்பம் அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஊர்ச் சுடலைக்கே கொண்டுபோனோம். சங்கத்து ஆட்கள் அன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது.

நான் உடைந்து போகவில்லை மச்சாள். நீங்கள் கேட்டால் இதைத்தான் முதலில் கேட்பீர்கள், அதனால் சொல்கிறேன். பலகையில் இப்போது புது நூலகர் எழுதுகிறாள், கிழமையை முதலில் எழுதப் பழக்கியிருக்கிறேன். அண்ணன் வாசித்துவிட்டுத்தான் போகிறார். புதிய கணினி ஒன்று வரப்போகிறது. அதில் இந்த ஸ்கிரிப்ட் அப்படியே ஓடாது, வேறு மாதிரி எழுத வேண்டும். எழுதிவிடுவேன். பாடசாலைக் கூட்டங்களில் யாராவது என்னிடம் தெரியாத ஒன்றைக் கேட்டால், முந்தி மாதிரி நான் சுற்றிவளைத்துக் கதைப்பதில்லை.

போன கிழமை உங்கள் மகள் என் வீட்டுக்கு வந்தாள். பாடசாலைச் சீருடையோடு, பையும் கழற்றாமல், குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"மாமி, அம்மாவுக்குத் தன்ர இருதய வருத்தம் முன்னமே தெரியுமோ?"

இதை அவள் பலரிடம் கேட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டார் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நித்திரை மாதிரிப் போனவ என்றார்களாம். உங்கள் அக்கா, தெரிந்துதான் உனக்குச் சொல்லவில்லை, நீ படிக்க வேண்டுமென்று மறைத்தவ என்றாவாம். எல்லோரும் அன்பினால்தான் சொன்னார்கள். பிள்ளை ஒவ்வொரு மறுமொழியையும் காவிக்கொண்டு அலைந்திருக்கிறாள். எனக்கும் ஒரு நல்ல மறுமொழி வாய்வரைக்கும் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"டொக்டருக்கும் தெரியாதோ?"

"அவரிட்டயும் போய்க் கேட்டனான். அவரும் சொல்லேலாது எண்டுதான் சொன்னவர்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பையைத் தோளில் இருந்து கழற்றி நிலத்தில் வைத்தாள். வந்ததில் இருந்து அதன் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்போதுதான் கதிரையில் இருந்தாள்.

"அண்டைக்குக் காலமை அம்மாதான் எனக்குத் தலை பின்னிவிட்டவ," என்றாள். "அப்ப கை நடுங்கேல்லை மாமி. இறுக்கித்தான் பின்னினவ. அது எனக்கு வடிவாத் தெரியும்."

"ஓம்," என்றேன். "அது உனக்குத் தெரியும்."

உங்கள்
மச்சாள்